ஒன்பதாவது பெயர்

எங்கள் ஊரில் வாலிபால் விளையாடத் தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். யார் விளையாட வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். அந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் என் அப்பாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் நடந்தன. மணவாளக்குறிச்சியிலிருந்து உள்ளே வரும் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, நீலப் பெயின்ட் அடித்த ஷட்டர் போட்ட ஒற்றை அறை அது. அதை ஒட்டி ஊர் மைதானம். வண்டியை ரிப்பேருக்கு விட்டவர்களும் வண்டியே இல்லாதவர்களும் சாயங்காலமானால் அங்கே கூடுவார்கள். அப்பா ஒரு ஸ்கூட்டரின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, போன வருஷம் அரையிறுதியில் யாரை இறக்கியிருக்கக் கூடாது என்று விளக்குவார். கையில் ஸ்பானர் இருந்ததால் அவர் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை ஒர்க்‌ஷாப்பில்தான் இருப்பேன். ரிப்பேருக்கு நிற்கும் வண்டிகளில் எது உயரமோ அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வாய்ப்பாடு மனதில் நின்றதோ இல்லையோ, ஊர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரின் குறையும் எனக்கு மனப்பாடம்.

அங்கே மூன்று கட்சிகள் இருந்தன. பெரியப்பா உயரக் கட்சி. அப்பாவின் அண்ணன்; மணல் கம்பெனியில் ஷிப்டு வேலை; ஊர் விளையாட்டு மன்றத்தின் தலைவர். கையைத் தூக்கினால் வலைக்கு மேல் எவ்வளவு போகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். குவைத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் வீடியோக் கட்சி. எல்லா ஆட்டத்தையும் போனில் பிடித்து வைத்திருப்பார், வாட்ஸ்அப் குழுவில் போடுவார், ஆனால் அவர் பிடித்ததெல்லாம் ஸ்மாஷ் மட்டும்தான். அப்பாவின் கட்சி வேறு. பண்டு எப்படி ஆடினான் என்பது பேச்சில்லை, போன வாரம் எப்படி ஆடினான் அதைச் சொல் என்பார். மூன்று கட்சியும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. பந்தை ஓங்கி அடிப்பவன்தான் ஆட்டக்காரன். அப்படி அடிக்க வேண்டுமானால், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பந்தை முதலில் ஒருவன் தரையில் விழாமல் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு ஒருவருக்கும் வந்ததில்லை.

அந்த வருஷம் ஓணத்துக்குப் பெண்கள் ஆட்டமும் வைப்பதென்று மன்றத்தில் முடிவானது. அடுத்த ஊர்க்காரர்கள் முந்தின வருஷமே வைத்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. நாலு ஊர் அணிகள். ஓணத்துக்கு முந்தின நாள் இரண்டு ஆட்டம், திருவோணத்தன்று சாயங்காலம் இறுதி ஆட்டம். எங்கள் ஊருக்கு ஒன்பது பேர் வேண்டும், கோர்ட்டுக்குள் ஆறு பேர், வெளியே மூன்று பேர்.

முதல் பெயரில் யாருக்கும் சண்டை இல்லை. பெரியப்பா மகள். நாகர்கோவிலில் கல்லூரியில் படித்தாள், கல்லூரி அணியில் இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடும் அவள் எம்பி அடித்தால் பந்து பொத்தென்று விழுந்து மண் தெறிக்கும். மற்ற பெயர்களுக்கு மூன்று நாள் வாதம் நடந்தது. ஒரு பெண்ணுக்கு உயரம் உண்டு, ஆனால் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள் என்று அப்பா சொன்னார். கண்ணை மூடினால் என்ன, கை வலைக்கு மேலேதானே நிற்கிறது என்றார் பெரியப்பா. குவைத் அண்ணன் ஒரு வீடியோவை எடுத்து, அந்தப் பெண் அடித்த ஒரே ஒரு ஸ்மாஷை நாலு தடவை ஓட்டிக் காட்டினார். நாலு தடவையும் பந்து உள்ளேதான் விழுந்தது. அவள் பெயர் எழுதப்பட்டது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அப்பா பட்டியலை வாசித்தார். எட்டுப் பேர் ஆகிவிட்டது, ஒன்பதாவது ஆளைச் சனிக்கிழமை பார்க்க வேண்டும் என்றார். அம்மா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, எதிர்ப்பக்கத்து சர்வீஸை யார் எடுப்பார்கள் என்று கேட்டாள்.

"எல்லாரும் எடுப்பாவ" என்றார் அப்பா.

"எல்லாரும் எடுப்பாவண்ணா ஆரும் எடுக்கமாட்டாவ. எனக்க பேரையும் எழுதுங்க. நான் பண்டு களிச்சது உங்களுக்குத் தெரியும்லா."

"பண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா சோற்றைப் பிசைந்தார். அது அவருடைய கட்சியின் கொள்கை, மனைவிக்காக மாற்ற முடியாது.

அம்மா விளையாடியவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளி அணியில் இருந்தாளாம். வெளியூர் போட்டிக்கெல்லாம் போயிருக்கிறாளாம். பரீட்சை முடிந்த வருஷமே கல்யாணம். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து கொட்டையைத் தல்லி உடைக்க வேண்டும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் கொட்டையின் எண்ணெய் விரல்களில் ஏறிக் கறுத்துவிடும். பந்தைத் தொட்ட கைகள் அவை என்று யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு பேராவது இருந்தார்கள். ஒன்பதாவது பெயருக்கு இரண்டு பெண்களை வைத்து வாதம் நடந்துகொண்டிருந்தபோது, கம்பெனி வேன் பஸ் ஸ்டாப்பில் நின்றது. அம்மா இறங்கினாள். வழக்கமாக என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு வீட்டுக்கு நடப்பாள். அன்று ரோட்டைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். தூக்குப்பையை நான் உட்கார்ந்திருந்த வண்டியின் ஹேண்டிலில் மாட்டினாள்.

"அத்தான், லிஸ்டுல எனக்க பேரையும் எழுதணும்" என்றாள் பெரியப்பாவிடம்.

பெரியப்பா முதலில் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்கூட்டரைப் பார்த்தார். இது காலேஜ் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம், நீ பிள்ளை பெற்றவள், விழுந்து கையைக் காலை ஒடித்தால் யார் பதில் சொல்வது என்று பெரியப்பா நிதானமாகவே கேட்டார்.

"விழுந்தா நானே எந்திரிச்சுக்கிடுவேன். பத்து சர்வீஸ் போடுதேன். லிஸ்டுல உள்ளவ ஆரு வேணும்னாலும் எதிர நிக்கட்டும். அஞ்சுக்கு மேல எடுத்தாவண்ணா நான் வீட்டுக்குப் பெய்யிருதேன்."

மைதானத்தில் பெண்கள் ஏற்கெனவே பயிற்சிக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து அங்கே போனார்கள். குவைத் அண்ணன்தான் பந்தை வைத்திருந்தார். மன்றத்துக்கென்று அவர் வாங்கி வந்த வெள்ளையும் நீலமுமான பந்து. கொடுக்கப் போனவர் அம்மாவின் கைகளைப் பார்த்துத் தயங்கினார். புதுப் பந்து, கறை ஆகிவிடக் கூடாதே என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது.

அம்மா இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "கழுவிட்டுத்தான் வந்தேன். இதுக்கு மேல போவாது" என்றாள். பந்தை அவளே வாங்கிக்கொண்டாள்.

கோர்ட்டின் மேற்கு முனைக்குப் போய் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். மற்ற பெண்கள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப்போட்டு உள்ளங்கையால் அறைவார்கள். அம்மா குனிந்து, இடது கையில் பந்தைத் தாழ வைத்து, வலது கையை மடக்கிக் கீழிருந்து மேலே குத்தினாள். பந்து தென்னை மர உயரத்துக்குப் போயிற்று. யாரோ சிரித்தார்கள். மாங்காய் எறிவதுபோல இருக்கிறது என்றது ஒரு குரல். கடற்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது; பந்து மேலே போய் ஒரு நொடி நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் ஆடியாடி இறங்கியது. எதிரே நின்ற பெண்களின் கண்ணில் இறங்குவெயில். உயரமான அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு முன்னே ஓடினாள், பிறகு பின்னே ஓடினாள். பந்து அவளுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

பத்தில் ஒன்று கோர்ட்டுக்கு வெளியே போனது. மூன்றை எடுத்தார்கள். ஆறு விழுந்தன. அக்கா நின்ற இடத்திலும் இரண்டு விழுந்தன.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அப்போதுதான் வாதமே ஆரம்பித்தது. வெளியே போன ஒன்றை எதில் சேர்ப்பது? காற்று இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? வெயிலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எத்தனை? இது சர்வீஸ்தானா? விதியில் இடம் உண்டு என்று அப்பா மெல்லிய குரலில் சொன்னார். அன்று அம்மாவுக்காக அவர் பேசிய ஒரே வாக்கியம் அது. கடைசியில் பெரியப்பா, ஒன்பதாவதாக இருந்துவிட்டுப் போகட்டும், இறக்க வேண்டிய தேவை வராது என்றார். அம்மாவின் பெயர் பட்டியலின் அடியில் ஏறியது.

மறுநாளிலிருந்து பயிற்சி. அம்மா வேனிலிருந்து இறங்கி நேரே மைதானத்துக்குப் போவாள். ஒன்பதாவது ஆள் என்பதால் யாராவது தண்ணீர் குடிக்கப் போனால் அந்த இடத்தில் நிற்கலாம். மற்ற நேரம் வெளியே போன பந்தைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். முதுகு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இரவில் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான்.

நான் வண்டி சீட்டில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். யார் அடித்தார்கள் என்பதை எண்ணவில்லை. அதை எண்ண ஊரே இருந்தது. யார் கையில் வந்த பந்து கீழே விழுகிறது என்பதை எண்ணினேன். ஒரு வாரம் ஆனதும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பஞ்சர் ட்யூபில் அடையாளம் போடுவதற்காக அப்பா வைத்திருந்த சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், மூடியிருந்த ஷட்டரில் கைக்கு எட்டிய உயரத்திலிருந்து எழுதினேன். மேலே 'பந்தை விட்டவர்கள்' என்று தலைப்பு. கீழே ஒன்பது பெயர், ஒன்பது எண். அக்காவுக்கு நேரே முப்பத்தொன்று. உயரமான பெண்ணுக்கு நேரே நாற்பத்தாறு. அம்மாவுக்கு நேரே நாலு.

எதிரே பஸ் ஸ்டாப். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் பஸ் வரும்வரை வாசிக்க வேறெதுவும் இல்லாமல் அதை வாசித்தார்கள்.

பத்து மணிக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஷட்டர்ல எழுதினது ஆரு?"

அப்பா வாயைத் திறக்கும் முன்பே நான் எழுந்து நின்றேன். "நான்" என்றேன். "எல்லாரும் அடிச்சத எண்ணுதீங்க. விட்டத ஆரும் எண்ணல்ல. அதான் நான் எண்ணினேன்."

கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் பெயரை ரோட்டில் எழுதி வைப்பதா என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்து, பெரியப்பாவிடம் அப்படிப் பேசக் கூடாது என்றாள். அதை என்னிடம் சொல்லி முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கணக்குல தப்பிருந்தா சொல்லுங்க அத்தான். திருத்திரலாம்."

பெரியப்பா சாயங்காலத்துக்குள் அதை அழித்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சரி அண்ணே என்றார் அப்பா. வாளியில் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலிலிருந்து பார்த்தேன். அப்பா ஷட்டரின் முன்னால் வாளியை வைத்தார். வெகுநேரம் வாசித்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை காலையில் ஷட்டரை உயர்த்தியதும் எழுத்தெல்லாம் சுருண்டு மேலே போய்விட்டது. கடை மூடும்போது மறுபடி இறங்கியது. ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று பெரியப்பா கேட்டபோது, பகலில் ஷட்டர் மேலே இருக்கிறது, எப்படி அழிப்பது, மூடின பிறகு கண் தெரியவில்லை என்று அப்பா பதில் சொன்னார். அண்ணன் பேச்சை அவர் மீறி நான் பார்த்தது அது ஒன்றுதான். அதையும் மீறாத மாதிரியே மீறினார்.

என் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் குவைத் அண்ணன். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "சங்கதி கொள்ளாம் மக்கா. ஆனா ஒனக்க அம்மைக்கு எத்தன பந்து வந்துது? நூறு வந்து முப்பது விட்டதும், பத்து வந்து நாலு விட்டதும் ஒண்ணா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது சரி. அம்மா கோர்ட்டுக்குள் நின்றதே கொஞ்ச நேரம்தான். அழுது முடித்துவிட்டு நோட்டில் இன்னொரு கோடு கிழித்தேன். இந்த வாரம் வந்த பந்து எத்தனை, விட்டது எத்தனை என்று இரண்டையும் எண்ணினேன். அன்றைக்குப் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு அக்கா மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தாள். அவள் பெயரை ஊர் முழுக்க நாறடித்ததற்கு அடிக்கப் போகிறாள் என்று நினைத்து வண்டியிலிருந்து இறங்கினேன். அவள் என் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"எந்தப் பக்கம் வாறத கூட விடுதேன்?" என்று கேட்டாள்.

வலது பக்கம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் வந்து, ஒரு பெண்ணை வைத்து வலது பக்கமாகவே பந்து போடச் சொல்லி எடுத்துப் பழகினாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் புதுக் கணக்கை எழுதினேன். அக்காவுக்கு எண்பது பந்து வந்து இருபது விட்டிருந்தாள். அம்மாவுக்கு நாற்பது வந்து ஐந்து. குவைத் அண்ணன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெரியப்பா அந்தக் குழுவிலிருந்து விலகி, சாயங்காலம் மறுபடி சேர்ந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு திருவோணத்துக்கு முந்தின நாள் ஆட்டத்தில் அம்மா வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். எதிரணி லேசாக இருந்ததால் எங்கள் ஊர் ஜெயித்தது. பார்த்தாயா என்பதுபோல் பெரியப்பா ஒர்க்‌ஷாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

இறுதி ஆட்டம் கடற்கரை ஊர்ப் பெண்களோடு. மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். ஒருத்திகூட உயரமில்லை. ஆனால் பந்து தரையைத் தொட விடமாட்டார்கள். அவர்களுடைய அம்மாக்களும் சித்திகளும் ஒரு டெம்போ நிறைய வந்து கோர்ட்டின் ஒரு பக்கம் முழுக்க நின்றார்கள். சர்வீஸ் போட்ட முதல் பெண்ணே எங்கள் உயரமான பெண்ணைக் கண்டுகொண்டாள். அத்தனை பந்தும் அவளிடம்தான் வந்தது. அவள் கண்ணை மூடினாள். அக்காவுக்கு அடிப்பதற்குப் பந்தே வரவில்லை. முதல் செட் இருபத்தைந்துக்குப் பதினாலு என்று போனது.

இடைவேளையில் பெரியப்பா ஆறு பேரையும் சுற்றி நிறுத்தி, அடி, ஓங்கி அடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"சித்திய எறக்குங்க" என்றாள்.

பொறு, பார்க்கலாம் என்றார் பெரியப்பா.

"சித்திய எறக்கல்லண்ணா நானும் வெளிய இருக்கேன். எட்டுப் பேர வச்சு நீங்க களியுங்க."

அத்தனை பேர் முன்னால் தன் மகள் அப்படிச் சொன்னதும் பெரியப்பா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். உயரமான பெண்தான் முதலில் அசைந்தாள். அவள் வெளியே வந்து, அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தாள். ஆட இஷ்டமா என்று அவளையும் யாரும் கேட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

அம்மா எழுந்தாள். சுடிதார் பேண்ட்டும், தொளதொளவென்று ஒன்பது எண் போட்ட பனியனும். கூட்டத்தில் அண்டியாபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள் என்பது அவர்கள் கூவியபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது செட்டில் எங்கள் பக்கம் மேற்கு. அம்மா எடுத்த முதல் பந்து அக்காவின் கைக்கு வாகாக உயர்ந்து நின்றது. அக்கா அடித்தாள். அந்த ஓசையை அன்று அப்போதுதான் முதலில் கேட்டோம். அம்மாவின் சர்வீஸ் முறை வந்ததும் கடற்கரைப் பெண்கள் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். பந்து வானத்துக்குப் போய், காற்றில் தள்ளாடி, வெயிலுக்குள்ளிருந்து அவர்கள்மேல் இறங்கியது. தொடர்ந்து ஒன்பது புள்ளி. நான் எண்ணுவதை மறந்துவிட்டுக் கத்தினேன். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது என்று அந்த செட் எங்களுக்கு.

மூன்றாவது செட்டில் பதினைந்து புள்ளி எடுத்தால் போதும். எட்டுக்கு மூன்று என்று முன்னால் போனோம். எட்டில் பக்கம் மாற வேண்டும். இப்போது எங்களுக்குக் கிழக்கு, காற்றும் வெயிலும் எங்கள் முகத்தில். அவர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். பதின்மூன்றுக்குப் பதினான்கு என்றிருந்தபோது வலது பக்கமாக வந்த பந்தை அக்கா விழுந்து எடுத்தாள். அம்மா அதை வலைக்கு மேல் தட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், விரல் நுனியால் அதை எங்கள் கோர்ட்டின் நடுவே வைத்தாள். அடிக்கவில்லை, சும்மா வைத்தாள். அம்மா பாய்ந்து விழுந்தாள், எட்டவில்லை. தோற்றுவிட்டோம்.

அம்மா விழுந்த இடத்திலிருந்து தானே எழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் கையை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நல்லா களிச்சா, அதான் சொன்னேன் என்பாள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் இடமில்லை. அம்மாவை முதல் செட்டிலேயே இறக்கியிருந்தால் கோப்பை நமக்குத்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் அப்போதே அப்படிச் சொன்னது என்பதில்தான் வாதம். அப்பா சொன்னதாக அப்பா சொன்னார். குவைத் அண்ணன் போனில் அம்மாவின் ஒன்பது சர்வீஸும் இருந்தன, வரிசையாக ஓட்டிக் காட்டினார். ஜெயித்தது வெயில்தான் என்று ஒருவர் இழுத்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளை ஒன்பதாவதாக ஒளித்து வைத்ததே தன்னுடைய திட்டம் என்று தொடங்கினார். அந்த நேரத்தில் கம்பெனி வேன் நின்றது. அம்மா இறங்கி, ரோட்டோரம் நின்று அந்தப் பேச்சின் கடைசிப் பாதியைக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் ஒண்ணாவதா எழுதுங்க அத்தான்" என்றாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

எழுதினார்கள். ஒன்றாவதாக இல்லை, நாலாவதாக. அதற்குப் பிறகு மூன்று ஓணத்துக்கு அம்மா ஆடினாள், ஒரு தடவை கோப்பையும் வந்தது. ஆனால் அந்த முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தோற்ற அணிக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். தடித்த தாள், ஓரத்தில் பொன் நிறப் பூவேலை, நடுவில் புள்ளிக்கோட்டின்மேல் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நான் எடுத்து வாசித்தேன். பெயர் சரி. பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து தப்பு. ரேஷன் கார்டிலும் வோட்டர் கார்டிலும் பாங்க் புத்தகத்திலும் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்துதான் இருக்கும். இதில் வேறு எழுத்து. நான் பார்த்திராத என் தாத்தாவின், அதாவது அம்மாவின் அப்பாவுடைய, முதல் எழுத்து அது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தாங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் சான்றிதழ் தயாரானது. அதனால் தப்பு மன்றத்தின் மேல் இல்லை. அவசரத்தில் அம்மாவேதான் மாற்றி எழுதிவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

நீலப் பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த எழுத்தை ஒரே கோட்டில் அடித்தேன். அதற்கு மேலே அப்பாவின் எழுத்தை அழகாக எழுதினேன்.

அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் காட்டினேன். அவள் சான்றிதழை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். கறுத்த கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு தடவை தடவினாள்.

"பேனா வச்சா எழுதின மக்கா?"

"ஆமா. பேனாண்ணா அழியாதுல்லா."

"செரி" என்றாள் அம்மா.

அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் அதை வைத்து மூடினாள். பிரேம் போட்டு மாட்டலாம் என்று அப்பா சாயங்காலம் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். இவ்வளவு கவனமாகத் திருத்திக் கொடுத்தும் அம்மா என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.